லோக்கல் நெட்வொர்க்கில் டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தரும் சேவை) ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லேன்வாசி:

ஒரு ஆடிட்டர் ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஃபைல் சர்வர், பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாமே அங்கே 192.168 என்று தொடங்கும் ஐபி எண்தான். மானிட்டர் ஓரத்தில் எண் எழுதிய ஸ்டிக்கர் வேறு. ரவுட்டரை மாற்றியபோது எண்கள் மாறிவிட்டன, ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஆளாளுக்குப் புலம்ப, மூலையில் கிடந்த டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வர் புரோகிராமைப் பின்னணியில் ஓடவிட்டேன்.

அதை ஓட்டுவது பெரிய வேலையே இல்லை. பெயரும் ஐபி எண்ணும் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருக்கும் பெயருக்கு அதுவே பதில் சொல்லும், தெரியாததை வெளியே கேட்டு வாங்கித் தரும். மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையையும் அதனிடமே கொடுத்துவிட்டால், மெஷின் தன் பெயரைச் சொல்லி ஐபி வாங்கும்போதே பெயரும் பதிவாகிவிடும் (ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள்). ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றினால் அதை மறுபடி படிக்கச் சொல்லும் ஒரு ஹேங்கப் சிக்னல் போதும். கான்ஃபிக் ஃபைலை மாற்றினால் ரீஸ்டார்ட்தான்.

தலைவலி எல்லாம் கேட்கிற பக்கத்தில். அக்கவுன்ட்ஸ் அக்காவின் மெஷினில் சர்வர் காலையில் திறக்கும், மதியம் திறக்காது. "இது ஆளைப் பார்த்துத்தான் திறக்குது தம்பி" என்றார். வினவல் லாக்கை ஓடவிட்டு, பிரிண்டர் பெயரைத் தட்டச் சொன்னேன். பக்கத்து மெஷின்களின் வரிகள் சரசரவென ஓடுகின்றன, இவருடையது ஒன்றுகூட இல்லை. போய்ப் பார்த்தால் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் பொது சர்வர் 8.8.8.8. எப்போதோ யாரோ கையால் போட்டது.

முதலாவது படுத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு உத்தரவாதமும் கிடையாது. ஒவ்வொரு ஓஎஸ்ஸும் ஒரு மாதிரி: எப்போதாவது ஒருமுறை முதலாவது தாமதித்தால் அடுத்ததற்குத் தாவி, அங்கேயே உட்கார்ந்துகொள்வதும் உண்டு. வெளி சர்வருக்கு நம் பிரிண்டரைத் தெரியாது, "அப்படி ஒரு பெயரே இல்லை" என்றுவிடும். அதுவும் முழுமையான பதில்தான் என்பதால் மெஷின் வேறு யாரையும் கேட்காது. மாற்று ஏற்பாடு வேண்டுமென்றால் அதே ஹோஸ்ட்ஸ் ஃபைலோடு இன்னொரு டிஎன்எஸ்மாஸ்க் ஓட்டுங்கள். வெளி முகவரியைப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் ஏதாவது சர்வர் பெயர் போட்டிருந்தால் அந்த போன் உங்களிடம் வரவே வராது. ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இருந்தால் ரவுட்டர் தன் பங்குக்குத் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் நம் சர்வரைத் தாண்டி, தானாகவே ஹெச்டிடிபிஎஸ் வழி வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போவதைத் தடுக்க, யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட் என்ற பெயருக்கு "இல்லை" என்று பதில் வரும்படி செய்தால் போதும். பயனரே அதை ஆன் செய்து வைத்திருந்தால் இது பலிக்காது.

பழைய மோடம்:

உபுண்டுவில் போடுபவர்களுக்கு: டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட் பிஸி என்று டிஎன்எஸ்மாஸ்க் அடம்பிடித்தால், 127.0.0.53இல் உட்கார்ந்திருக்கும், உபுண்டுவோடு வரும் டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டுதான் காரணம். அந்த போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் அதன் ஸ்டப் லிசனரை அணைத்தால் சரி.

என்னுடைய கதை பெயரின் வால் பற்றியது. நான் முன்பு இருந்த கம்பெனியில் எல்லாப் பெயரும் டாட் லோக்கல் என்றுதான் முடியும். விண்டோஸ் மெஷின்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. லினக்ஸ் லேப்டாப்பில் டிக் கமாண்ட் கொடுத்தால் ஐபி வருகிறது, பிங் கொடுத்தால் "பெயர் தெரியவில்லை". டிக் நேராக டிஎன்எஸ்ஸைக் கேட்கும். பிங், பெயரை எங்கெங்கே எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் வழியாகப் போகும். அப்போதிருந்த உபுண்டுவில் அங்கே எம்டிஎன்எஸ் (சர்வர் இல்லாமல் மெஷின்களே ஒன்றையொன்று பெயர் கேட்டுக்கொள்ளும் முறை) முன்னால் நின்று, டாட் லோக்கலா, என் ஆள் என்று பிடித்துக்கொண்டு, கிடைக்கவில்லை என்றதும் கதவைச் சாத்திவிடும். டிஎன்எஸ் வரை கேள்வி போகவே போகாது. 2013இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் டாட் லோக்கலை எம்டிஎன்எஸ்ஸுக்கே எழுதிக்கொடுத்துவிட்டது. வீட்டு நெட்வொர்க்குக்கு ஹோம் டாட் ஆர்ப்பா 2018இலிருந்து இருக்கிறது. டாட் இன்டர்னலையும் 2024இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் தனியார் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கிவிட்டது. இனிப் புதிதாக அமைப்பவர்கள் டாட் லோக்கல் பக்கமே போகாதீர்கள்.

லேப் சார்:

எங்கள் காலேஜ் லேபில் சர்வரே வேண்டாம் என்று லினக்ஸில் எம்டிஎன்எஸ்ஸைக் கவனிக்கும் அவாஹியை மட்டும் நம்பினோம். ஒரே எஸ்டி கார்டு இமேஜிலிருந்து எடுத்த ராஸ்பெர்ரி பைகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அவாஹி சண்டையைத் தானே தீர்த்துவைக்கும்: முதலில் வந்தவருக்குப் பெயர், அடுத்தவருக்குப் பின்னால் -2, அதற்கடுத்தவருக்கு -3. கரண்ட் போய் வந்தால் எது முதலில் எழுந்திருக்கிறதோ அதற்கே பெயர். நேற்று -3இல் புரோகிராம் எழுதிய பையன் இன்று -5இல் தன் ஃபைலைத் தேடுவான். இப்போது முதல் பூட்டிலேயே, நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியின் கடைசி நான்கு எழுத்துகளைப் பெயரோடு ஒட்டும் சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது.

வைஃபையில் கிளையன்ட் ஐசொலேஷன் (சாதனங்கள் தமக்குள் பேசாமல் தடுப்பது) ஆன் ஆகியிருந்தால் எம்டிஎன்எஸ் எட்டாது. எம்டிஎன்எஸ்ஸின் முகவரியான 224.0.0.251க்குப் போகும் பாக்கெட் விலேனைத் (நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) தாண்டாது, இரண்டு விலேனிலும் கால் வைத்த மெஷினில், ஒரு பக்கத்துக் கேள்வியை மறுபக்கம் சேர்க்கும் அவாஹியின் ரிஃப்ளெக்டரை ஆன் செய்ய வேண்டும். லேன்வாசி சார், உங்கள் பிரிண்டரை போன்கள் கண்டுபிடிப்பது டிஎன்எஸ்மாஸ்க் வழியாகவா, எம்டிஎன்எஸ் வழியாகவா?