வெய் சூ ச்சியூ ச்சுவான்: பாராட்டா, திட்டா?

உறவு கெடக்கூடாதுன்னு நாமளே வளைஞ்சு அடங்கிப்போறதுக்கு சீனத்துல சொல்ற சொலவடை இது. நல்ல அர்த்தத்துல சொல்றாங்களா, கேவலமாவா?

பதில் 1: ரெண்டும்தாங்க, இடத்தைப் பொறுத்து. பழங்கால சீன ஞானி லாவோட்சு, தாவோ தே ஜிங்ங்கற நூலோட 22ஆம் அத்தியாயத்துல வளையுறதுதான் முழுசா நிக்கும்னு சொல்றாரு, சண்டைக்கே போகாதவனோட யாராலயும் சண்டை போட முடியாதுன்னும் அதே இடத்துல வருது, அதை கோழைத்தனம்னு சொல்லவே முடியாது.

பதில் 2: ஆனா ஹான் வம்ச வரலாற்றுல யான் பெங்ட்சுன்னு ஒரு அறிஞர் வர்றாரு பாருங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா முதன்மை மந்திரி ஆகலாமேன்னு ஒருத்தர் புத்தி சொல்ல, படிச்சவன் ஊரோட வளைஞ்சு பணம் பதவி தேடலாமான்னு கேட்டுட்டாரு, கடைசிவரை இளவரசரோட ஆசானாவே இருந்து போய் சேர்ந்தாரு. என் ஓட்டு இவருக்குத்தான்.

கேட்டவர்: நன்றிங்க. அப்ப வீட்ல சண்டை வேணாம்னு வாயை மூடிக்கிறதும் ஆபீஸ்ல ப்ரமோஷனுக்குத் தலையாட்டுறதும் வேற வேற. ஆனா வீட்லயும் எப்பவும் ஒரே ஆளே வளைஞ்சா?

பதில் 1: அப்போ வாயைத் திறந்து பேசிடணும்ங்க.