அவசரம்: அப்பா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மறுக்கிறார், ஜீரணத்துக்கு என்ன தரலாம்?

குடியாத்தம்_மகள் (இரவு 10.50)
அப்பாவுக்கு கேன்சர். உடம்பு ஒட்டிப் போய்விட்டது, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. இரண்டு வாய் எடுத்ததும் "போதும்மா, வயிறு முட்டுது" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். மதியம் குடித்த கஞ்சி ராத்திரி வரை நெஞ்சிலேயே நிற்கிறதாம். ஜீரணத்துக்கு நல்ல டானிக் இருந்தால் சொல்லுங்கள். சாப்பிடாமல் இருந்தே போய்விடுவார் என்று அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

காட்பாடி_ரயிலடி
எந்த இடத்தில் கேன்சர்? கீமோ நடக்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? வாந்தி உண்டா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஆற்காட்டான்
தங்கச்சி, டானிக்கே வேண்டாம். கேழ்வரகுக் கூழைப் புளிக்க வைத்து, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள். வயிறு குளிர்ந்தால் பசி தானாக வரும். நம் ஊர்ச் சனங்கள் அதைக் குடித்துத்தான் வெயிலில் பாடுபட்டார்கள்.

வாலாஜா_வாத்தியார்
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. இதற்குப் பெயர் கேக்கெக்சியா, அதாவது நோயால் உடம்பும் தசையும் கரைந்துபோவது. 6 மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த நிலை என்று 2011இல் பன்னாட்டு நிபுணர் குழு வரையறுத்தது. அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே வந்தாலே போதும். சத்தான சாப்பாட்டை மட்டும் வைத்து இதை முழுதாகத் திருப்ப முடியாது என்பதும் அந்த வரையறையிலேயே இருக்கிறது. அடிப்படை தெரியாமல் டானிக் கேட்பதில் பயனில்லை.

ராணிப்பேட்டை_நர்ஸ்
சார், ராத்திரி 11 மணிக்கு ஒரு பெண் பயந்துபோய்க் கேட்கிறாள். பழைய இழையை அவள் நாளைக்குப் படிக்கட்டும்.

தங்கச்சி, அப்பா அடம் பிடிக்கவில்லை, அம்மா சமையலிலும் குறை இல்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த நோயில் இண்டர்லூகின்-6, டி.என்.எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கூடுகின்றன. அவை தசையைக் கரைக்கும், மூளையில் பசியையும் அமுக்கும். இரைப்பையை அசைக்கும் நரம்புகளும் பலருக்குச் சோர்ந்துவிடும். சாதாரணமாகச் சாப்பிட்டு 4 மணி நேரம் ஆனால் வயிற்றில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது. இவர்களுக்கு அது நகராமல் கிடக்கும். பாதி வயிறு நிறைந்தே இருக்கும்போது இரண்டு வாயில் முட்டத்தான் செய்யும்.

ஆனால் எல்லாவற்றையும் கேக்கெக்சியா என்று தள்ளிவிடவும் கூடாது. சரிசெய்யக்கூடிய காரணம் கூடவே ஒளிந்திருக்கும். ரயிலடி அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். மலம் போகிறதா என்பதையும் சேர்த்து.

குடியாத்தம்_மகள்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். கணையத்தில், தலைப் பகுதியில். காமாலைக்குப் பித்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைபடாமல் திறந்து வைக்கும் சின்னக் குழல்) வைத்திருக்கிறது. சர்க்கரையும் உண்டு, மெட்ஃபார்மின் போடுகிறார். வலிக்கு மார்ஃபின். மலம் போய்ப் பல நாள் ஆகிறது, சாப்பிடாதவருக்கு எங்கே வரும் என்கிறார் அம்மா. அதற்கு முன்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும். நேற்று வாந்தி. அதில் முந்தின நாள் சோறு அப்படியே இருந்தது.

ராணிப்பேட்டை_நர்ஸ்
கடைசி வரிதான் முக்கியம். முந்தின நாள் சோறு அப்படியே வந்தால், கட்டி சிறுகுடலின் வாயை அழுத்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காலையில் அவருக்கு வைத்தியம் நடக்கும் மருத்துவமனைக்கே அழைத்துப் போங்கள். ராத்திரியே வாந்தி நிற்காமல் வந்தாலோ, வயிறு உப்பினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

சாப்பிடாதவருக்கும் மலம் உண்டாகும். மார்ஃபின் குடலை மந்தப்படுத்தும், இரைப்பையையும் சேர்த்துத்தான். அதற்காக நீங்களாகவே மார்ஃபினை நிறுத்திவிடாதீர்கள், வலி அவரை உடைத்துவிடும். அதோடு கூடவே மலமிளக்கி தர வேண்டும். எதை, எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். மிதந்த மலம் கணைய நீர் குறைந்ததால் கொழுப்பு செரிக்காததைக் காட்டுகிறது. அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_சேண்பாக்கம்
இரைப்பையைத் தள்ளும் மாத்திரைகள் உண்டு. மெட்டோகுளோப்ரமைட், டாம்பெரிடோன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தருவார்கள். ஆனால் அடைப்பு இருந்தால் மெட்டோகுளோப்ரமைட் ஆபத்து, அதனால் தயவுசெய்து கடையில் கேட்டு வாங்காதீர்கள். சர்க்கரை நோயே இரைப்பையை மந்தமாக்கும், மெட்ஃபார்மினும் பசியைக் குறைக்கும். அதையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.

பசிக்கு ஒலான்சபைன் என்ற மாத்திரை பற்றியும் கேட்கலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நுரையீரல், இரைப்பை, கல்லீரல்-கணையப் புற்று உள்ள 124 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 2.5 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துச் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது, மருந்து எடுத்தவர்களுக்குப் பசியும் எடையும் நன்றாகவே கூடின. தூக்கம் வரும். மெட்டோகுளோப்ரமைடோடு சேர்த்துத் தர மாட்டார்கள்.

ஆற்காட்டான்
எல்லாம் மாத்திரைதானா? கூழைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. சர்க்கரைக்கும் அது நல்லதுதானே?

காட்பாடி_ரயிலடி
கூழை யாரும் குறை சொல்லவில்லை அண்ணா. கரைத்த கூழில் பெரும்பகுதி தண்ணீர், கேழ்வரகில் நார்ச்சத்தும் அதிகம். ஒரு சொம்பு குடித்தால் வயிறு நிறையும், சத்து கொஞ்சம்தான் சேரும். அவர் வயிற்றில் இடமே இல்லை. இடம் எடுக்காமல் சத்து தருவதுதான் வேண்டும்: முட்டை, தயிர், குழைந்த சோற்றில் பருப்பு.

ஆற்காட்டான்
எங்கள் பெரியம்மா கடைசி வரை கூழ்தான் குடித்தார். வேறு எதுவும் இறங்கவில்லை. அதை மறுக்க முடியுமா?

வாலாஜா_வாத்தியார்
ஒருவருக்கு இறங்கியது என்பதற்காக அது வைத்தியம் ஆகிவிடாது. சர்க்கரையை அறவே நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்றும் அடுத்து யாராவது கிளம்புவார்கள். அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அதை நம்பிப் பத்தியம் வைத்தால் கரைவது நோயாளியின் தசைதான்.

ராணிப்பேட்டை_நர்ஸ்
ஆற்காட்டு அண்ணா, உங்கள் பெரியம்மா விரும்பிக் குடித்ததைக் கொடுத்தீர்கள், அது சரிதான். இந்த அப்பாவுக்கும் ஆசையாக இருந்தால், அடைப்பு இல்லை என்று தெரிந்தபின் அரை டம்ளர் குடிக்கட்டும். பொதுவாக இரண்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சமாக, தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், சாப்பிட்டதும் படுக்க விடாமல். பொரித்தது வேண்டாம், கொழுப்பு இரைப்பையை இன்னும் மெதுவாக்கும். வாயில் திணிக்க மட்டும் வேண்டாம். அதனால் வாந்திதான் வரும், அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் சண்டையும் வரும்.

குடியாத்தம்_மகள் (மறுநாள் மாலை)
சேர்த்துக்கொண்டார்கள். ஸ்கேனில் கட்டி சிறுகுடலை அழுத்துகிறது, முழுக்க அடைக்கவில்லை. அங்கேயும் ஸ்டென்ட் வைக்கலாமா என்று பேசுகிறார்கள். மலம் கல்லாக இறுகியிருந்தது, எனிமா கொடுத்தார்கள். கணைய என்சைம் கேப்சூல் எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டாக்டர் வருகிறார், அப்புறம் வருகிறேன்.

மருந்துக்கடை_சேண்பாக்கம்
அந்தக் கேப்சூலைச் சாப்பாட்டின் முதல் வாயோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் பயன் இல்லை, சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்தால் பயன் குறைவு. மெல்லக் கூடாது. பால், முட்டை மாதிரி இடைத்தீனிக்கும் தனியாக வேண்டும், எத்தனை என்று வார்டிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.