புதுப்பிப்பு: தங்கையின் எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனை

கர்ப்பகாலச் சோதனையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கைக்கு விரல்நுனி ரத்தத்தில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்ததை நம்பலாமா என்று கேட்டிருந்தேனே, ரிசல்ட் வந்துவிட்டது: நெகட்டிவ்.

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்களில் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் மறுபடியும் மங்கலாக இரண்டாவது கோடு, அதாவது ரியாக்டிவ். மற்ற இரண்டிலும் கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு மட்டும்தான்.

கிட் மோசமில்லையாம். தொற்றுள்ள யாரும் விடுபட்டுவிடக் கூடாதென்றே முதல் சோதனை சிறு சந்தேகத்துக்கும் ரியாக்டிவ் காட்டும்படி இருக்கிறது. தொற்று குறைவான ஊரில் ரியாக்டிவ் வருபவர்களில் பொய்யாக வருவதன் பங்கு கூடும். அதனால் ஒரே கிட்டை வைத்து பாசிட்டிவ் என்று எழுதுவதில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம், வீட்டில் அத்தனை அழுகை!

அப்புறம், நெகட்டிவை நம்பலாமா என்று கேட்டவருக்கு: சமீபத்தில் தொற்று வாய்ப்பு இருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இலவசம்தான். சந்தேகத்துக்கு எச்.ஐ.வி. உதவி எண் 1097.