பாட்ஜரின் ‘கார்டியன் ஏஞ்சல்’: கேட்டவர்கள் எழுதியவை

பக்கவாத்தியம் இல்லாத பரோக் (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையான ஐரோப்பியப் பாணி) வயலின் இசையில் எதை முதலில் கேட்பது என்று யார் கேட்டாலும், வயலின் கலைஞர் ரேச்சல் பாட்ஜரின் ‘கார்டியன் ஏஞ்சல்’ (காவல் தூதர்) இசைத்தட்டையே நான் சொல்கிறேன். சேனல் கிளாசிக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட இந்தத் தட்டு, மறு ஆண்டே பிபிசி மியூசிக் இதழின் விருதைத் தனிவாத்தியப் பிரிவில் பெற்றது. அந்தப் பாராட்டு முற்றிலும் தகும் என்று நான் கருதுவதற்கு முதற்காரணம், 17-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பீபரின் பாசகாலியா (ஒரே சுரவரிசை திரும்பத் திரும்ப வர, அதன்மேல் மாறுபாடுகள் ஓடும் இசைவடிவம்).

சால்ஸ்பர்க் பேராயருக்குக் காணிக்கையாக்கப்பட்ட அவருடைய ஜெபமாலை சொனாட்டாக்களின் (வாத்திய உருப்படிகளின்) கையெழுத்துப் பிரதியில் கடைசியாக வரும் அந்த உருப்படியின் தலைப்பில், குழந்தை ஒன்றை அழைத்துச் செல்லும் காவல் தூதரின் படம் இடம்பெற்றிருக்கிறது. தட்டின் பெயர் அதிலிருந்து வந்தது. ஜி, எஃப், இ ஃபிளாட், டி என்று இறங்கும் நான்கே சுரங்கள் 65 முறை திரும்பத் திரும்ப வருகின்றன. ஜி-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால் அவை ஸ-நி-த-ப. நிஷாதம் கைசிகி, தைவதம் சுத்தம். பாட்ஜர் இவற்றை எந்தச் சுற்றிலும் இயந்திரம்போல் எடுப்பதில்லை. மேலே வேகமான சங்கதிகள் ஓடும்போது, கீழ்ச் சுரத்தை வில்லால் தொட்டுவிட்டு உடனே விட்டுவிடுகிறார். ஆயினும், அவர் விட்ட பின்பும் அந்தச் சுரம் நம் மனத்தில் நீண்டுகொண்டே இருப்பதால், இரண்டு வயலின்கள் வாசிப்பதாகவே தோன்றுகிறது. அந்த நான்கு சுரங்கள் மேல் ஸ்தாயிக்கு ஏறும் பகுதியில் அவர் ஒலியைக் குறைத்து வாசிப்பதை, நல்ல ஹெட்ஃபோனில், இரவு நேரத்தில் கேட்கும்படி அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

*

பீபரைப் பற்றி நண்பர் எழுதியதை முழு மனத்தோடு வழிமொழிகிறேன். என்னைக் கட்டிப்போட்டது பாக். தனிப் புல்லாங்குழலுக்கு அவர் எழுதிய ஏ மைனர் பார்ட்டிட்டாவை (நடன இசைகளின் தொகுப்பை), வயலினின் அடித்தந்திக்கு ஏற்ப ஜி மைனருக்கு இறக்கி வாசித்திருக்கிறார் பாட்ஜர். அதன் முதல் நடனப் பகுதியான அலமாண்டில் சுரங்கள் இடைவிடாமல் வருவதால், எங்கே மூச்சு எடுப்பது என்பது குழல் வாசிப்பவர்களுக்கு ஒரு தீராத சிக்கல். வயலினுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தும், ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் அவருடைய வில் ஒரு கணம் தளர்ந்து, மூச்சு வாங்கித் தொடர்கிறது. குழலுக்கு எழுதப்பட்ட இசை என்பதை இவ்வளவு மரியாதையோடு நினைவில் வைத்திருந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் வாசிப்பது 1739-இல் ஜெனோவாவில் செய்யப்பட்ட பெசரினியஸ் வயலின். குடல்நரம்புத் தந்திகளுக்கே உரிய லேசான கரகரப்பை மறைக்க அவர் முயலாததும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இத்தாலிய வயலின் மேதை டார்ட்டினியின் சொனாட்டாக்களையும் விட்டுவிடக் கூடாது. அவற்றின் பாஸ் (துணையாக வரும் கீழ்ச்சுரப்) பகுதியைச் சம்பிரதாயத்துக்காகவே எழுதியதாகவும், தாம் அது இல்லாமலே வாசிப்பதாகவும் 1750-இல் அவர் அல்கரோட்டி என்ற அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பாஸ் இல்லாத இந்த வாசிப்பைக் கேட்டபின், எனக்கு வேறுவிதமாக அவற்றைக் கேட்கத் தோன்றவில்லை. வெனிஸில் விவால்டியிடம் பயின்ற டிரெஸ்டன் கலைஞர் பிசெண்டெலின் சொனாட்டாவும் இதே தட்டில் உண்டு. கச்சேரிகளில் அபூர்வமாகவே கிடைக்கும் உருப்படி அது.