புதுப்பிப்பு: மீன்பிடி லூரில் பெயின்ட் உரிந்த பிரச்சினை தீர்ந்தது

பழைய பிளாஸ்டிக் மின்னோ லூருக்கு (சின்ன மீன் வடிவத்தில் இருக்கும் செயற்கைத் தூண்டில் இரை) வீட்டில் அடித்த பெயின்ட், கொடுவா மீன் ஒரு கடி கடித்ததும் பட்டையாக உரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது 400 நம்பர் உப்புத்தாள் யோசனைதான். பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அடிப்பூச்சாக வெள்ளை பிரைமர், காய்ந்ததும் கலர். கொசுவலையை லூர்மேல் இறுக்கிக் கட்டி வெள்ளி ஸ்பிரே அடித்தால் செதில் அச்சு அசலாக விழுகிறது. ஈரத்தோடு வலையை எடுத்தால் இழுவிவிடும். கடைசியாக, இரண்டு பாகத்தையும் கலந்து பூசும் எபாக்சி பிசின். இறுகும்வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்பக்கம் சொட்டாகத் திரளும்.

எதிர்பாராதது, எபாக்சி கனத்தில் மிதக்கிற லூர் மூழ்க ஆரம்பித்தது. டிரெபிள் ஹூக்கை (மூன்று முனைத் தூண்டில் முள்) ஒரு சைஸ் சின்னதாக மாற்றியதும் சரியாகிவிட்டது. பதில்களில் வந்த நகப்பாலிஷ் ரிமூவர் யோசனை மட்டும் வேண்டாம். அதில் அசிட்டோன் இருந்தால், அது பட்டு லூரின் ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக் இளகிவிடும்.