எம்பிரஸ் பிளேஸ் கட்டடமும் ‘பரிமாற்றம்’ என்ற சொல்லும்: மூவர் உரையாடல்

ஆற்றுமணல்:
சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தைப் பற்றி யார் பேசினாலும் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்ற சொல் வந்துவிடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது. அது இருக்கும் எம்பிரஸ் பிளேஸ் கட்டடம் 1860களில் எழுந்தது. கட்டியவர்கள், பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகள். 1907இல் பெயர் வைத்ததோ விக்டோரியா மகாராணியின் நினைவாக. பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் கொடுத்து வாங்க வேண்டும். இங்கே கொடுத்தது யார், வாங்கியது யார்?

பழைய வரிசை:
நண்பரே, என் பிறப்பைப் பதிந்தது அந்தக் கட்டடத்தில்தான். குடியுரிமைக்காக அப்பா கால் கடுக்க நின்றதும் அங்கேதான். காலனிய அலுவலகமாகத் தொடங்கியது, பிறகு நம் அலுவலகமாகவும் இருந்தது. 2003 முதல் அரும்பொருளகம்.

உள்ளே இருக்கும் பெலித்துங் கப்பல் பொருள்களைப் பாருங்கள். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் அது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்காசியக் கப்பல். அதில் ஏறத்தாழ 60,000 பொருள்கள், பெரும்பாலும் சீனத்துச் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஆம் ஆண்டு பொறித்திருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வருவதற்கு 600 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது! இது பரிமாற்றம் இல்லை என்றால் வேறு எது?

குழிதோண்டி:
கப்பல் உண்மை. ஆனால் அதை வெளியே எடுத்தது ஒரு வணிக நிறுவனம், முறையான அகழாய்வு அல்ல. தொல்லியலாளர்கள் எதிர்த்ததால் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் 2012இல் நடக்கவிருந்த கண்காட்சியே நின்றுபோனது.

ஆற்றுமணல்:
அப்புறம் நம் உமா பரமேஸ்வரி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடுபோன சோழர் காலத் திருமேனி. 2007இல் இதே அரும்பொருளகம் நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. வழிபாட்டுக்கு வார்த்தவளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவதற்குப் பரிமாற்றம் என்றா பெயர்?

பழைய வரிசை:
2015இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதையும் கணக்கில் சேருங்கள். கைதிகள் விஷயத்திலும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகளே. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் கலந்து பூசிய அந்தச் சுவரைப் பாருங்கள். அது மதராஸ் கைவேலை. அவர்களை வெறும் கூலியாட்களாகப் பார்த்தால் அந்தக் கைத்திறனை நாமே மறைக்கிறோம்.

ஆற்றுமணல்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம். கைத்திறனும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை விலங்கோடு வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை. சொல்லை எடுக்கவும் வேண்டாம். பீங்கானைப் பார்க்கும் முன்பே, இந்தச் சுவரை எழுப்பியவர்கள் யார் என்பது வருபவர் கண்ணில் பட வேண்டும். நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும், பெரிய எழுத்தில்.

பழைய வரிசை:
பெரிய எழுத்துக்கு நானும் சம்மதம். ‘கைதிகள்’ என்பதோடு நிறுத்தாமல் கொத்தனார், தச்சர், கருமார் என்று அவரவர் தொழிலையும் எழுத வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.