கடிதங்களை வரிசை மாறாமல் தட்டில் ஏற்றும் பொறியமைப்பு: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இயந்திரவியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, அமெரிக்க அஞ்சல் துறையில் பயன்படும் பட்டைக்குறியீட்டுப் பிரிப்பு இயந்திரத்தை முன்மாதிரியாகக் கொண்டு, நிரம்பிய அடுக்கறையிலிருந்து (பிரிக்கப்பட்ட கடிதங்கள் வந்து அடுக்காகச் சேரும் அறை) கடிதங்களைத் தானாகவே தட்டுக்கு மாற்றும் சிறிய அமைப்பு ஒன்றை வடிவமைத்து வருகிறேன். மணிக்கு 30,000 கடிதங்களுக்கு மேல் பிரிக்கும் அந்த இயந்திரத்தின் வேகத்தைப் பற்றி எழுதுவோர் பலர். தட்டில் ஏற்றுவதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே.

தபால்காரர் வீடு வீடாகச் செல்லும் வரிசையில் கடிதங்கள் அமைவதற்கு, அவை இயந்திரத்தின் வழியே இரண்டு முறை செல்கின்றன. முதல் சுற்றில் நிரம்பிய தட்டுகளை அதே ஒழுங்கில் இரண்டாம் சுற்றுக்கு ஊட்ட வேண்டும் என்பதால், ஒரு தட்டு இடம் மாறினாலும், ஒரு கட்டு தலைகீழாக விழுந்தாலும் அந்த வரிசை குலைந்துவிடும். பல இடங்களில் இப்பணியை இன்றும் ஊழியர்கள் கையால் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

என் மாதிரியில், அடுக்கைப் பக்கவாட்டில் தள்ளும்போது மெல்லிய உறைகள் நடுவில் வளைந்து சரிகின்றன. இருபுறமும் தாங்கு தகடுகள் வைத்து அழுத்திப் பிடிப்பது நல்லதா, அடியில் பட்டைவார் ஓடவிட்டு அடுக்கை முழுவதுமாக நகர்த்துவது நல்லதா? அறை காலியாகும் சில நொடிகளில் தொடர்ந்து வந்து விழும் கடிதங்களை எவ்வாறு தடுத்து நிறுத்துவது? அஞ்சல் பிரிப்பகங்களிலோ, உறைகளைக் கையாளும் பொதிகட்டும் ஆலைகளிலோ பணியாற்றிய அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும். கையால் வரைந்த படமாக இருந்தாலும் போதுமானது.